வீட்டுக்கு ஒண்டு

பெல்ட்டில் பீட்சாக்கள் வந்துகொண்டேயிருந்தன. சீஸ் ஒழுங்காக விழாததைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுவது சுதர்ஷிகாவின் வேலை. பென்ரோஸில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் நின்று நின்றே அவளுக்கு இடுப்பு தேய்ந்துபோயிருந்தது. போன வருஷம் முழுக்கக் காலையில் யூனிவர்சிட்டி, பின்னேரம் இந்த பெல்ட். எஞ்சினியரிங் படிக்க ஆசையிருந்தும் பள்ளிக்கூட மார்க்ஸ் கைகொடுக்காதவர்களுக்கு அங்கே ஒரு வருஷ பவுண்டேஷன் கோர்ஸ் இருந்தது. அதில் நன்றாகச் செய்தவர்களை எஞ்சினியரிங்குக்குள் எடுப்பார்கள். இடம் கொஞ்சம், அடிபாடு கூட.

முப்பது வயதில் அவள் அதில் சேர்ந்தாள். அதே வகுப்பில், அவளுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸைக் கோட்டைவிட்ட தம்பி ஜெனிஸ்ரனும் இருந்தான். அவன் மேசைக்குக் கீழே ஃபோனை நோண்டுவான். அவள் இரண்டு பேருக்குமாக எழுதுவாள், வீட்டுக்கு வந்து அவனை இருத்திச் சொல்லிக்கொடுப்பாள்.

ஜனவரி கடைசிக் கிழமையில் ஒருநாள், தேத்தண்ணி இடைவேளையில் லொக்கரைத் திறந்து ஃபோனைப் பார்த்தாள். இடம் கிடைத்திருந்தது. கையுறையைக் கழற்றாமல் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள், அது நகரவில்லை. பிறகு கழற்றிவிட்டு இன்னொருமுறை வாசித்தாள். தலையில் போட்ட வலையோடு மர வாங்கில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணக்கென்றால் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். ஊரில் போருக்குள் படிப்புக் குழம்பிய நாளிலிருந்து இப்படி ஒரு நாள் வராதா என்றுதான் இருந்தாள்.

அன்றைக்கே சூப்பர்வைசர் நல்லசாமியிடம் போய், பெப்ரவரியோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"இந்த வயசுல என்னம்மா படிப்பு? சரி, போ, நல்லா இரு," என்று அவர் சிரித்தார். அவளுடைய இடத்துக்கு அடுத்தநாளே ஒரு பெட்டையைப் பழக்கத் தொடங்கினார்.

பாபகூராவில் வீட்டுக் கதவைத் திறந்தபோது தாய் மேர்சி அடுப்படியில் நின்றாள். ஜெனிஸ்ரனின் அறை பூட்டியிருந்தது.

"தம்பிக்கு வரேல்லை. வெயிட்லிஸ்டாம்," என்றாள் மேர்சி. "பிள்ளை ஒரு வாய் சாப்பிடேல்லை."

"எனக்கு வந்திட்டுது அம்மா."

மேர்சி அடுப்பை நிப்பாட்டினாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து சுதர்ஷிகா ஓரடி முன்னுக்கு வந்தாள்.

"அப்ப அதாலதான் அவனுக்கு வரேல்லை," என்றாள் தாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேர்சி அவளைச் சற்குணத்தாரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம். கோயிலுக்கு வருகிற சனத்தில் பாதிக்கு விசா அலுவல், வீட்டு அலுவல் எல்லாம் பார்த்துக் கொடுத்தவர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"ஒரே அட்ரஸ், ஒரே கோர்ஸ், அக்காவும் தம்பியும். ரெண்டு பேரையும் எடுப்பினமோ?" என்றார் கோப்பியை ஊதிக்கொண்டு. "உதவிக் காசு வீட்டைப் பாத்துத்தானே தருகினம்? நத்தாருக்குச் சாப்பாட்டுப் பெட்டி வந்ததே, அதுவும் வீட்டுக்கு ஒண்டுதானே? ஒராள் விட்டால்தான் மற்றாளுக்கு விழும்."

"நான் ஃபோன் எடுத்து யூனிவர்சிட்டியிலையே கேக்கிறன், அண்ணை."

"சும்மா இரு பிள்ளை. கேட்டால் கிளறிவிட்ட மாதிரி. ஒரு வீட்டில ரெண்டு பேர் எண்டு கண்டு ரெண்டையும் வெட்டிவிட்டால் என்ன செய்வாய்?"

அவளுக்குப் பதினாலு வயதில், அகதி முகாமில், பால்மா குடுத்த வரிசை ஞாபகத்துக்கு வந்தது. அம்மா ஒரு வரிசையில் நின்றாள். மூன்று வயது ஜெனிஸ்ரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் மற்ற வரிசையில் நின்றாள். இரண்டு பக்கமும் பெட்டி கிடைத்துவிட்டது. வெளியே வரும்போது, ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டி எடுக்கலாமோ என்று இவள்தான், இவளாகத்தான், வாசலில் நின்ற ஆளிடம் கேட்டாள். குடும்பக் கார்டை வாங்கிப் பார்த்த மனுசன் இரண்டு பெட்டியையும் பறித்துக்கொண்டு, ஒரு கிழமைக்குக் கார்டையும் வைத்துக்கொண்டான். அந்தக் கிழமை முழுக்கத் தம்பி பாலுக்குக் கத்தினான். அம்மா அவளோடு கதைக்கவில்லை.

அதனால் அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"உனக்கு முப்பது," என்றாள் மேர்சி, சோறு போடும்போதும், உடுப்புக் காயப்போடும்போதும். "முடிக்க முப்பத்தஞ்சாகும். உன்னை ஆர் வேலைக்கு எடுக்கப்போகினம்? அவன் பொடியன், அவனுக்கு இனித்தான் வாழ்க்கை. நீ தூக்கி வளத்த பிள்ளையடி அவன்."

வியாழக்கிழமை பின்னேரம் அவள் தம்பியின் அறைக் கதவைத் தட்டினாள். வேண்டாம் அக்கா என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும், அம்மாவோடு மல்லுக்கட்டலாம் என்று நினைத்தாள். கதவைத் திறந்த ஜெனிஸ்ரன் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான்.

"நான் என்ர இடத்தை விடவோ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப் டு யூ, அக்கா," என்றான். இயர்போன் திரும்பக் காதுக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைக் கழிவறைக்குள் நின்று, ஃபோனில் இடம் வேண்டாம் என்கிற பட்டனை அமத்தினாள். நிச்சயமா என்று அது இன்னொருமுறை கேட்டது. அதையும் அமத்தினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நல்லசாமியிடம் போனாள்.

"ஒன் எடம் போயிடுச்சேம்மா," என்றார் அவர். "ஃப்ரீசர்ல ஆள் வேணும். காலை ஷிப்ட். பெர்மனண்ட் இல்ல, கேஷுவல்தான். கூப்பிட்டா வா."

"ஓம்," என்றாள்.

ஃப்ரீசருக்குள் மூச்சு விட்டால் முகத்தில் உறைந்தது. இரட்டைக் கையுறை போட்டும் விரல் மரத்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும்போது சமன்பாடுகள் தானாக வாயில் வந்தன. சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெப்ரவரி நடுவில் ஜெனிஸ்ரனுக்கு இடம் வந்தது. மேர்சி மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டாள். கேக் செய்து, முதல் துண்டைச் சற்குணத்தாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாதாவுக்கு நன்றி சொன்னாள், சற்குணத்தாருக்கு நன்றி சொன்னாள், ராவு பகலாய்ப் படித்த பிள்ளையென்று மகனைக் கொஞ்சினாள். தன்னையும் ஒருக்கால் சொல்லுவாள் என்று சுதர்ஷிகா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் காத்திருந்தாள்.

வகுப்புத் தொடங்குகிற அன்றைக்கு அவளுக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புறப்படும்போது மேர்சி அவளுடைய கல்குலேட்டரை எடுத்து மகனின் பைக்குள் வைத்தாள்.

"உனக்கு இனி எதுக்கு?"

அக்காவும் தம்பியும் ஒன்றாகவே ரயில் ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும், பவுண்டேஷன் வகுப்பில் பழக்கமான க்ரிஷ்மா ஏறினாள், பின்னாலேயே அவளுடைய தம்பி ரித்தேஷும். பிஜியிலிருந்து வந்த குடும்பம். சுதர்ஷிகாவைக் கண்டதும் க்ரிஷ்மாவுக்கு முகம் மலர்ந்தது. எதிரே இருந்து இங்கிலீஷில் கதைக்கத் தொடங்கினாள்.

"உங்கட நோட்ஸ் இல்லாட்டி நாங்கள் பாஸே ஆகியிருக்க மாட்டம். பை எங்க? நேர எஞ்சினியரிங் வகுப்புக்குத்தானே?"

சுதர்ஷிகா மடியிலிருந்த தடித்த கையுறைகளைப் பார்த்தாள். "உங்கள் ரெண்டு பேரில ஆருக்குக் கிடைச்சது?"

"ரெண்டு பேருக்கும்தான். அவனுக்கு முதலே வந்திட்டுது. நான் வெயிட்லிஸ்டில இருந்தன். கனபேர் வேற எங்கேயோ போயிட்டினமாம், இந்த முறை வெயிட்லிஸ்டில இருந்த எல்லாரையும் கூப்பிட்டிட்டினம்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டிலயோ இருக்கிறீங்கள்?"

க்ரிஷ்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "வேறெங்க இருப்பம்?" என்று சிரித்தாள்.

சுதர்ஷிகா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு இது தெரியுமோ?" என்று தமிழில் கேட்டாள்.

"ஒரே வீட்டில ரெண்டு பேரையும் எடுப்பினமெண்டு ரித்தேஷ் ஜனவரியிலயே சொன்னவன்," என்றான் ஜெனிஸ்ரன், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ கேக்கேல்லையே."

ரயில் வேகம் குறைந்தது.

"அக்கா, பென்ரோஸ்," என்றான் அவன். "யுவர் ஸ்டொப்."

அவள் எழும்பினாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பிளாட்ஃபோர்மில் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் எழும்பின இடத்தில் ஜெனிஸ்ரன் தன்னுடைய பையைத் தூக்கி வைத்தான்.