கயிற்றின் இந்த முனை

...வாயை மூடிவிட்டாள், அதுதான் விஷயம், காது நிமிர்வதைக்கூட நம்பக் கூடாது, ஒரு சுள்ளி முறிந்தாலும் நிமிரும், ஆனால் இந்தப் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே வந்த நாய் சட்டென்று வாயை மூடினால் மூக்கை முழுதாகத் திறக்கிறது என்று அர்த்தம், இரைப்பும் மோப்பமும் ஒன்றாக நடக்காது. கயிற்றை இடது கையில் பிடித்தபடி அவன் வலது கையை உயர்த்தினான், நில் என்று. பின்னால் வந்த சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் புதருக்குள் உட்கார்ந்தார்கள், அத்தனை பேரும் இப்போது அவன் கையைப் பார்ப்பார்கள், அவன் அவள் முதுகைப் பார்ப்பான், அவள்... எதைப் பார்க்கிறாள்? எதிர்க்காற்று என்றால் சந்தேகமே இல்லை, வாசனை புகை மாதிரி, ஆள் பதுங்கிய இடத்தில் மெல்லிசாகக் கிளம்பி வரவர விரியும், அதன் ஓரம் மூக்கில் பட்டதும் நின்றுவிடுவாள். இப்போதோ ஓர் இலைகூட அசையவில்லை. நேற்றும் இப்படித்தான் நின்றாள், எல்லோரும் சேற்றில் ஊர்ந்து போய்ச் சுற்றி வளைத்தது ஒரு காட்டுப்பன்றியை. "மேடம் நம்மள விருந்துக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்கடா" என்று நாயைக் காட்டிச் சிப்பாய்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இதை ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லிடுவேன், பார்த்துக்க." ஊசி. கையை இறக்கி, முன்னால் துப்பாக்கிகள் இருந்தால்? இறக்காமல் நின்று, முன்னால் இன்னொரு பன்றி இருந்தால்?

கேப்டன் ஊர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார். "என்னய்யா, மேடம் என்ன சொல்றாங்க?" "கொஞ்சம் பொறுங்க சார்." "பொறுக்கச் சொல்றது நீயா, அதுவா?" நானா, அவளா... முள் மாதிரி ஏறியது கேள்வி. இடது கையைப் பார்த்தான். கயிறு விறைத்துக் கிடந்தது, விரல்முட்டிகள் வெளுத்திருந்தன, நேற்றிலிருந்தே இப்படித்தான் பிடித்திருக்கிறானா? பிடித்தவனின் நடுக்கம் கயிறு வழியாக நாய்க்கு இறங்கும், பயிற்சியில் முதல் பாடமே அதுதான், அவன் பயந்தால் அவள் நிற்பாள், அவள் நின்றால் அவன் பயப்படுவான், இதில் எது முதல்? விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கயிறு தொய்ந்து சருகில் விழுந்தது. அவள் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டாள், வாயைத் திறந்தாள், நாக்கு வெளியே விழுந்தது, பழையபடி இரைப்பு. இவ்வளவுதானா, இத்தனை நேரம் என்னைத்தான் மோந்துகொண்டு நின்றாயா, உன்னை ஊசிக்கு அனுப்பப் பார்த்தது கேப்டன் இல்லை, நானா... "சரி சரி, கையை எறக்கு, போவோம்" என்றார் அவர். இறக்க வேண்டியதுதான். கயிறு கீழே கிடக்கிறது, அவளும் அமைதியாகிவிட்டாள், ஆனாலும் வலது கை மட்டும் இறங்க மறுத்து அப்படியே நின்றது, அப்படியென்றால்... நான் எதை மோந்துவிட்டேன்?