ஊருக்கு ஒரே கவுன்

வாக்கர்ஸ் ஃபோர்க் ஊரில் கிட்டல்சன் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. விருந்துக்கு உடுத்தும் கவுன் எதுவானாலும் ஊருக்கு ஒன்றுதான். ஒருத்தி வாங்கியதை இன்னொருத்தி கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஊசியும் பித்தானும் விற்று மிசிசிப்பிப் புழுதியெல்லாம் நடந்து தேய்ந்தவர் ஹிர்ஷ் கிட்டல்சன். பிறகு கோவேறு கழுதை வண்டி, பிறகு ரயிலடியில் ஒற்றை அறை, கடைசியில் மூன்று மாடி. எல்லாம் இந்தச் சட்டத்தால் வந்தது என்று மகள் ஃப்ரீடா நம்பினாள். பருத்திப் பணம் புரளும் வீட்டுப் பெண்கள் புருஷன் செய்யும் துரோகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தங்கள் கவுன் இன்னொருத்தி உடம்பில் ஏறினால் பொறுக்க மாட்டார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷ வசந்தத்தில் அந்தச் சட்டத்தை உடைக்கத் துணிந்தவளும் ஃப்ரீடாதான்.

காரணம் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களில் ஒருத்தியான மிஸ்ஸஸ் ஹாலோவே. முந்தைய வருஷம் ஊர்ப் பணக்காரர்களின் கிளப்பில் நடன விருந்தன்று அவளுடைய கவுன் விளிம்பு கிழிந்துவிட்டது. தைத்துக் கொடுக்கக் கிழவர் ஹிர்ஷே போனார். கிட்டல்சன் குடும்பம் போன்ற யூதர்களைச் சேர்க்காத கிளப் அது. ஆனால் அதன் திரைச்சீலையிலிருந்து மேஜைத் துணிவரை கிட்டல்சன் கடைச் சரக்கு. தைத்துக் கொடுத்துவிட்டுச் சமையற்கட்டுப் பின்படியில் இறங்கும்போது அவருக்கு நெஞ்சு அடைத்தது. கிளப்பின் கறுப்பினச் சமையல்காரி லூசிண்டா டாலிவர் உள்ளே ஓடி, கூடத்துச் சோபாவில் படுக்க வைக்கலாமா என்று கேட்டாள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாள் மிஸ்ஸஸ் ஹாலோவே. கிழவர் பின்படியிலேயே செத்தார். அடுத்த வாரம் அவள் கடைக்கு வந்து, ஃப்ரீடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா தங்கமான மனுஷன், கண்ணு. ஆமா, அந்தப் பச்சைக் கவுன் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஃப்ரீடாவின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. சோறு தண்ணீர் இறங்கவில்லை.

இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையை அண்ணன் ஐசிடோர் பதினோரு மாதத்தோடு நிறுத்தினான். பன்னிரண்டும் தேவைப்படுவது பாவிகளுக்குத்தான் என்பது அவர்கள் வழக்கம்.

"மிச்ச மாசத்த நான் எடுத்துக்கறேன்ணா."

"உனக்கெதுக்கு?"

"ஒரு பாவிக்கு வேண்டியிருக்கு."

நியூயார்க்கிலிருந்து கருநீலப் பட்டுக் கவுன் வந்தது. ஒரே மாதிரி இரண்டு. ஒன்றைப் பார்த்து மயங்கிப்போன மிஸ்ஸஸ் ஹாலோவே, "வேற யாருக்கும் கிடையாதே?" என்றாள்.

"எங்க கடையப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஃப்ரீடா. பொய் சொல்லவில்லை பாருங்கள், அப்பாவின் பெண்.

மறுநாள் சூட்கேஸ் வாங்க லூசிண்டா கீழ்த்தளத்துக்கு வந்தாள். சிகாகோவில் மகனோடு இருக்கப் போகிறாளாம். விருந்து முடிந்த மறுநாள் ரயில். ஃப்ரீடா அவளை ஓரங்கட்டினாள்.

"லூசிண்டா, உனக்கு ஒரு கவுன் தரேன். சும்மா. விருந்தன்னைக்கு அதப் போட்டுக்கிட்டுத் தட்டு எடுத்துட்டுப் போ. மிஸ்ஸஸ் ஹாலோவேயும் அதேதான் போட்டிருப்பா. மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பாரு!"

லூசிண்டா சிரிக்கவில்லை.

"என் உடம்புல ஏறினாப் போதும், அந்தத் துணி அசிங்கமாயிடும். அதானே உங்க திட்டம், மிஸ் ஃப்ரீடா?"

 ஃப்ரீடா நினைத்தது அச்சு அசலாக அதுதான்.

"இருபது வருஷமா இங்கதான் துணி எடுக்கறேன். ஒரு தடவ ட்ரையல் ரூமுக்குள்ள விட்டிருக்கீங்களா? தொப்பிகூடத் தலையில வெச்சுப் பார்க்க விட்டதில்ல. உங்கப்பாவும்தான். நல்ல மனுஷன், நான் இல்லைங்கல. அவரோட சட்டமும் இதுதானே?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"சொல்றன்னு இல்ல, சொல்றீங்கன்னு கேளுங்க. சனிக்கிழமை மத்தியானம் அந்தம்மா அளவு பார்க்க வருதில்ல? அப்ப நானும் வரேன். மேல்மாடியில, கண்ணாடி முன்னாடி. காசு குடுத்துத்தான் வாங்குவேன்."

அதைச் செய்தால் கடை எழுந்திருக்காது. ஃப்ரீடா இரண்டு நாள் யோசித்தாள். மூன்று மாடியையும் நினைத்தாள். அந்தப் பச்சைக் கவுன் கேள்வியையும் நினைத்தாள்.

சனிக்கிழமை. ஓய்வுநாளில் கடை திறப்பதற்காக ஹிர்ஷ் வாராவாரம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அன்று ஃப்ரீடா கேட்கவில்லை.

மிஸ்ஸஸ் ஹாலோவே, தோழியான டாக்டர் பெண்டாட்டியோடு மாடியேறி வந்தாள். மூன்று பக்கக் கண்ணாடியின் முன் கருநீலப் பட்டில் லூசிண்டா நின்றாள். ஃப்ரீடா வாயில் குண்டூசிகளோடு அவள் காலடியில் மண்டியிட்டு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கவுன் லூசிண்டாவுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது.

"ஃப்ரீடா! இவள இங்கருந்து விரட்டு!"

"மிஸ்ஸஸ் டாலிவர் அளவு பார்த்துட்டிருக்காங்க. நீங்க உட்காருங்க."

"திங்கட்கிழமையிலருந்து உன் கடை வாசல்ல ஒருத்தி கால் வைக்க மாட்டா!"

"வைக்க வேண்டாம்."

லூசிண்டா திரும்பவில்லை. கண்ணாடி வழியாக டாக்டர் பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"மேடம், போன வருஷம் விருந்தன்னைக்கு டாக்டர் சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டாரா?"

"இல்லியே. கடைசி வரைக்கும் என்கூட ஆடிட்டிருந்தார். ஏன்?"

"பெரியவர் படியில துடிக்கறாரு, டாக்டரக் கூப்பிடுங்கன்னு இந்தம்மாகிட்ட கேட்டேன். அவர் அப்பவே போயிட்டார்னு சொன்னாங்க. நான் நம்பினேன். சமையற்கட்டுல இருக்கறவளுக்குக் கூடத்துல யார் ஆடறாங்கன்னு எப்படித் தெரியும்?"

ஃப்ரீடாவுக்கே இது புதிது. குண்டூசி உதட்டில் குத்தி ரத்தம் கசிந்தது.

"அடிலெய்ட்," என்றாள் டாக்டர் பெண்டாட்டி மிஸ்ஸஸ் ஹாலோவேயிடம். "அவர் உனக்குப் பத்தடி தூரத்துல இருந்தார்."

"விருந்து கெட்டுப் போயிருக்கும், நான்சி. அந்த ஆளு வெறும்..." மிஸ்ஸஸ் ஹாலோவே முடிக்கவில்லை.

டாக்டர் பெண்டாட்டி கையுறையை மாட்டிக்கொண்டு, தோழிக்காகக் காத்திராமல் படியிறங்கினாள். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்; நான்சியின் வாய் அப்படி.

கீழே போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்ற மிஸ்ஸஸ் ஹாலோவேயை ஃப்ரீடா நிதானமாக, ஆசை தீரப் பார்த்தாள். டாக்டர் வந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு வருஷமாக எங்கோ போயிருந்த பசி வயிற்றைக் கிள்ளியது.

"கொஞ்சம் திரும்புங்க, மிஸ்ஸஸ் டாலிவர்," என்றாள். "பின்பக்கம் மடிக்கணும்."