மருமகனுக்கு எதிர்க் கதிரை

றுக்கியா தன் மருமகனோடு இரண்டு வருசமாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. கிண்ணியாவில் மாமியார் என்றால் அப்படித்தான். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதி, அந்த வீட்டுக்கே மருமகனைக் கூட்டிவந்து வைத்துவிட்டு, பிறகு அந்த மனிதன் கண்ணில் படாமல் அதே வளவுக்குள் ஒளிந்து திரிய வேண்டும். லாபிர் முன் மண்டபத்துக்கு வந்தால் இவள் குசினிக்குள் போவாள். அவன் கிணற்றடிக்கு வந்தால் இவள் வேலியோரம் போவாள். சொல்லியே ஆகவேண்டிய விசயம் என்றால் மகள் றஹ்மாவிடம் சொல்லி அனுப்புவாள். றஹ்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வாள். "குடை எடுக்காமப் போறவங்க நனைஞ்சுதான் வருவாங்க" என்று அவள் குசினிக்குள் பூனைக்குப் புத்தி சொன்னால், படலை வரை போன லாபிர் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போவான்.

ஆகவே மருமகனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சாப்பிட்டு முடித்து உள்ளே வருகிற பீங்கானைப் பார்த்துத் தெரிந்ததுதான். கீரையில் ஒரு கிள்ளு மிஞ்சாது. புளியாணம் என்றால் பீங்கான் கழுவத் தேவையில்லை. பாகற்காய் போன மாதிரியே திரும்பி வரும். இதெல்லாம் சரி. மீன் ஆக்கிய நாட்களில் மட்டும் ஓரத்தில் ஒரு துண்டு ஒதுக்கி வைத்திருப்பான். அதுவும் வால் துண்டோ தலையோ அல்ல, கைபடாத நடுத்துண்டு. முதலில் உப்புக் கூடிவிட்டதோ என்று நினைத்து உப்பைக் குறைத்தாள். பிறகு மிளகாயைக் குறைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. என்ன காரணம் என்று கேட்கச் சொல்லி மகளை அனுப்பினாள். "இருக்கட்டும்" என்றானாம். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு றுக்கியா மாதக்கணக்கில் மண்டையை உடைத்தாள். தோப்பூரில் பிறந்தவருக்குக் கிண்ணியாக் கைச்சமையல் பிடிக்கவில்லை என்று கடைசியில் தானே தீர்ப்பும் எழுதி, அன்றிலிருந்து அந்தத் துண்டைப் பூனைக்குப் போட்டுவந்தாள்.

இப்போது கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. லாபிர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தால் ஒரு படி உயர்வு, குடியிருக்கக் குவாட்டர்ஸும் உண்டு. சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். றஹ்மா இதைக் கிணற்றடியில் பாதியும் குசினியில் மீதியுமாகச் சொல்லிவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல் உடுப்புக் காயப்போடப் போய்விட்டாள். றுக்கியாவுக்கு இருப்பதே ஒற்றைப் பிள்ளை. அந்தப் பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றுதானே வீட்டைக் கொடுத்தது? வீடு இங்கே, பிள்ளை அங்கே என்றால் யாருக்கு இந்தச் சீதனம்? எல்லாம் அந்த மீன் துண்டில் தொடங்கிய பிடிக்காமைதான் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

அந்த நேரம் பார்த்து லாபிர் மாமனாரிடம் வந்து, சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு நாலு பேரும் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய ஹோட்டலுக்குப் போகலாம், மாமியும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"ஆட்டை அறுக்க முதல் தண்ணி காட்டுறாங்க" என்றாள் றுக்கியா பூனையிடம்.

சனிக்கிழமை காலை, ஊரார் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறிக் கிண்ணியாத் துறையைக் கடந்தார்கள். இளசுகள் இரண்டும் முன்பக்கம் நிற்க, றுக்கியா புருசனை ஒரு பஸ்ஸின் மறைவுக்கு இழுத்தாள். முத்தலிப் சந்தையில் கயிறும் வலைநூலும் விற்பவர். முடிச்சுப் போடத் தெரியுமே தவிர அவிழ்க்கத் தெரியாத மனிதர்.

"இஞ்ச பாருங்க. புள்ளைய அனுப்ப ஏலாதெண்டு அவர்ட்டச் சொல்லிப்போடுங்க. சாப்பாடு வர முதல் சொல்லோணும். அவர்ட உப்பைத் திண்டாப் பிறகு எங்களுக்கு வாய் எழும்பாது."

"ஓம், ஓம்" என்றார் முத்தலிப். அவருடைய ஓமுக்கு என்ன பெறுமதி என்பது இருபத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்திய றுக்கியாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளுக்கு வேறு வாய் இல்லை.

ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. வெள்ளைக்காரர் வெயில் காய வரத் தொடங்கியிருந்தார்கள். மேசைகளில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, ஒவ்வொரு பீங்கானுக்கும் காவலாக இரண்டு பக்கமும் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி. பரிமாறுகிறவர் வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவயதுக்காரர், பெயர் கனகசுந்தரம், ஊர் தம்பலகாமம். முத்தலிப் கதிரையில் உட்காருவதற்குள் இவ்வளவையும் விசாரித்து முடித்திருந்தார்.

"பொம்பிளையளுக்கு வேற மேசை இல்லையா?" என்று றுக்கியா புருசனின் காதில் கேட்டாள்.

இல்லை. நாலு பேருக்கு ஒரு மேசை, அதற்கு நாலு கதிரை. கனகசுந்தரம் மரியாதையாக ஒரு கதிரையை இழுத்துப் பிடித்து, "இருங்கோ அம்மா" என்றார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எதிரே லாபிர். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று றுக்கியா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, மேசைத் துணியின் கரைத் தையலை எண்ணத் தொடங்கினாள்.

முதலில் சூப் வந்தது. முத்தலிப் அதைக் குனிந்து மணந்து பார்த்தார். சோற்றுக்கு ஊற்றுகிற ஆணம் வந்துவிட்டது, சோறு பின்னால் வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்கள் குடித்து முடித்தும் அவர் அசையவில்லை.

"மாமா, அது சும்மா குடிக்கிறது" என்றான் லாபிர், மெதுவாக.

"அப்பிடியா? இவ்வளவு பெரிய ஹோட்டலில சோத்துக்கு முதல் ஆணத்தைக் குடிக்கச் சொல்றாங்களே" என்று முத்தலிப் ஆறிப்போனதை ஒரே மூச்சில் குடித்தார்.

சாப்பாடு வரப்போகிறது; இவர் சூப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். றுக்கியாவுக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டிப் புருசனின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். முத்தலிப் அசையாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே லாபிர்தான் சத்தமில்லாமல் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். யா அல்லாஹ் என்று றுக்கியாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இரண்டு வருசம் நிழல் படாமல் காத்த மரியாதை இப்படியா போய்ச் சேர வேண்டும்?

அதற்குள் நீளத் தட்டில் முழுப் பாரை மீன் ஒன்று வந்துவிட்டது. மேலே தேசிக்காய் வட்டங்கள், பக்கத்தில் மஞ்சள் சோறு. கனகசுந்தரம் மீனைப் பிளந்து நாலு பேருக்கும் வைத்தார். "கையாலயே சாப்பிடுங்கோ ஐயா, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று அவர் சொன்னதும் முத்தலிப் சட்டைக் கையை மடித்துவிட்டார். உப்புத் தின்றாயிற்று. இனி அந்த வாய் எழும்பாது.

றுக்கியா சாப்பிடவில்லை. மருமகன் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? முக்காட்டு இடுக்கால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். மருமகன் சாப்பிடுவதை அவள் காண்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு அடக்கமான சாப்பாடு! ஒரு சோறு சிந்தவில்லை. முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, முள்ளில்லாத சதையை றஹ்மாவின் பீங்கானில் வைத்தான். றஹ்மா அதைப் பார்க்காமலே எடுத்துச் சாப்பிட்டாள். பழகிய காரியம் போல இருந்தது. சிறு வயதில் தொண்டையில் முள்ளுச் சிக்கி ஒரு நாள் முழுக்க அழுத பிள்ளை அவள். அன்றிலிருந்து றுக்கியாதான் முள் எடுத்துக் கொடுத்தாள். கலியாணத்துக்குப் பிறகு மகள் தானாக எடுக்கப் பழகிவிட்டாள் என்று நினைத்திருந்தாள்.

லாபிர் சாப்பிட்டு முடித்தான். பீங்கான் ஓரத்தில் கைபடாத நடுத்துண்டு ஒன்று இருந்தது.

அதைப் பார்த்ததும் றுக்கியாவுக்கு முதலில் ஒரு சின்னச் சந்தோசம்தான் வந்தது. ஹோட்டல்காரன் ஆக்கினதும் பிடிக்கவில்லை, நான் மட்டுமல்ல.

பீங்கானை எடுக்க வந்த கனகசுந்தரம் முகம் வாடி, "மீன் சரியில்லையோ ஐயா?" என்று கேட்டார்.

"சீ, நல்ல ருசி. அது குசினிக்கு" என்ற லாபிர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முத்தலிப் வாய்விட்டுச் சிரித்தார். "ஹோட்டல் குசினிக்கா மகன்? உள்ளுக்குப் போய்ப் பாருங்க, அவனுகள் முழு மீனையும் வச்சுத் திண்டுகொண்டிருப்பானுகள்."

லாபிருக்குக் காது சிவந்தது. "பழக்கம் மாமா. எங்கட வீட்ட நாங்க ஏழு புள்ளையள். ஆக்கினவங்கதானே கடைசியாச் சாப்பிடுறது? எங்கட உம்மாக்குச் சட்டியில ஆணம் மட்டும்தான் மிஞ்சும். அதால வாப்பா ஒரு நல்ல துண்டு மிச்சம் வைக்காம எழும்பமாட்டார். பார்த்துப் பார்த்து எனக்கும் அதே கை. இஞ்சயும் மாமிக்கெண்டு வைக்கிறதுதானே."

றுக்கியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதப் பூனையெல்லோ திண்டது!" என்றாள் றுக்கியா.

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. றஹ்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முத்தலிப், "அதுதான் அந்த மிருகம் கொழுத்துப்போய்க் கதவுக்குள்ளால வர ஏலாம நிக்குது" என்றார். லாபிரும் தலையைக் குனிந்து சிரித்தான். றுக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருசம் ஒருவர் தனக்கென்று எடுத்துவைத்த சாப்பாட்டைக் குற்றப் பத்திரமாக வாசித்திருக்கிறோமே என்று நெஞ்சு சுட்டது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வரப் பார்த்தது.

பீங்கான்களை எடுத்துக்கொண்டு கனகசுந்தரம் உள்ளே போனார். றுக்கியாவின் பீங்கான் மட்டும் கைபடாமல் மேசையில் இருந்தது. லாபிர் மாமனார் பக்கம் திரும்பினான்.

"மாமா, கொழும்புக் கடிதம் தெரியும்தானே. மாமியிட்ட நானே கேக்கோணும் எண்டு பார்த்தனான். வீட்ட ஏலாது. நான் முன்னால வந்தா அவங்க பின்னால போயிடுறாங்க. அதுதான் இப்பிடி ஒரு மேசைக்குக் கூட்டி வந்தனான்." மேசைத் துணியை ஒருதரம் நீவிவிட்டான். "அவங்கட வீடு, அவங்கட புள்ள. அவங்க ஏலாதெண்டா நான் திங்கட்கிழமை ஏலாதெண்டே எழுதிக் குடுத்திடுவன். மனசில ஒண்டும் வைக்கமாட்டன். ஆனா அத அவங்கட வாயால கேக்க விருப்பம்."

முத்தலிப் தொண்டையைச் செருமினார். காலையில் பாதையில் கட்டிக்கொடுத்த முடிச்சு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இவ என்ன சொன்னவ எண்டா, புள்ளைய…"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் றுக்கியா.

அவள் மகளைப் பார்த்தாள். றஹ்மா சிரிப்பை விட்டுவிட்டு, சூப்போடு வந்த பாண் துண்டொன்றைக் கிள்ளிக் கிள்ளி மேசைத் துணியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன விருப்பம், புள்ள?"

"நீங்க சொன்னாச் சரி உம்மா."

றுக்கியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டைத் துணியின் நிறத்துக்குக்கூட மூன்று நாள் சண்டை பிடிக்கிற பிள்ளை. நீங்கள் சொன்னால் சரி என்ற பேச்சு அந்த வாயில் பிறந்ததே இல்லை. வாய் திறந்து கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு ஆசை. போக வேண்டும் என்று அவள் சாகிறாள். தாயைவிட்டுப் போக ஆசைப்படுகிறாள் என்பது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் முள் எடுத்துக் கொடுக்கிற ஒருவரோடு போக ஆசைப்படுகிறாள். அதில் குற்றம் சொல்ல றுக்கியா தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டாள். எதிர்க் கதிரையை நேராகப் பார்த்தாள். லாபிரின் இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. இவ்வளவு நாளும் அவளுக்கு அது தெரியாது.

"எனக்கு விருப்பமில்ல, மகன்" என்றாள். "விருப்பமெண்டு உங்களிட்டப் பொய் சொல்லமாட்டன். கூட்டிக்கிட்டுப் போங்க."

லாபிர் எழுந்து நின்றான். பிறகு எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தான். றஹ்மா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். றுக்கியா ஒரு கையால் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையால் ஆறிப்போன சோற்றைப் பிசைந்து, மருமகன் முன்னாலேயே சாப்பிடத் தொடங்கினாள். மீன் நன்றாகத்தான் இருந்தது. புளி கொஞ்சம் காணாது, இன்னும் ஒரு சொட்டு விட்டிருக்கலாம்.

திரும்பும்போது பின்னேர வெயில் சாய்ந்திருந்தது. பாதை அக்கரையில் நின்றதால் துறையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஏறியும் ஆயிற்று. அவ்வளவு நேரமும் றுக்கியாவின் வாய் ஓயவில்லை. இந்த மனுசிக்கு இவ்வளவு கதை இருக்கிறதா என்று முத்தலிப்பே அதிசயப்பட்டார். றஹ்மா காய்ச்சல் வந்தால் தண்ணி குடிக்கமாட்டாள், அதட்டித்தான் குடிக்க வைக்க வேண்டும். இடி முழங்கினால் பயப்படுவாள், ஆனால் பயம் என்று சொல்லமாட்டாள். கோபம் வந்தால் சோறு தின்னமாட்டாள், விட்டுவிடுங்கள், இரண்டு மணித்தியாலத்தில் தானே வருவாள். லாபிர் ஒவ்வொன்றுக்கும் "ஓம் மாமி" என்றான். பிறகு அவனும் சொல்லத் தொடங்கினான். அந்தப் புருவத் தழும்பு தோப்பூர் வாய்க்காலில் விழுந்து வந்தது. உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய் நாலு வருசம். மாமியின் புளியாணத்தில் அச்சாக அந்த உம்மாவின் கைருசி. இதைச் சொல்லத்தான் கலியாணமான அடுத்த நாளே குசினி வாசல் வரைக்கும் வந்தானாம். மாமி பின்கதவால் ஓடிவிட்டாவாம்.

றுக்கியா தண்ணீரைப் பார்த்தாள். மகளை அனுப்புகிறோம் என்று மட்டும்தான் அவள் ஹோட்டலில் கணக்குப் போட்டிருந்தாள். தனக்கென்று ஒரு மகன் வீட்டுக்குள் வந்து இரண்டு வருசமாக இருந்ததையும், அவனையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பதையும் இப்போதுதான் உணர்ந்தாள்.

"எப்ப போகோணும்?"

"ஒண்டாம் தேதி வேலைக்கு நிக்கோணும் மாமி. இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு."

கிண்ணியாக் கரை கிட்ட வந்துவிட்டது. ஆட்கள் எழும்பி மூட்டை முடிச்சுகளைத் தூக்கினார்கள். றுக்கியா எழும்பவில்லை. மருமகனின் முகத்தைப் பார்த்தாள்.

"நாள் காணாது, மகன்" என்றாள்.