படத்தின் நடுவே ஒரு கறை

கேமரா சுமலதாவின் கைக்கு வந்தது மாசி மாதத்தின் முதல் சனிக்கிழமை. நாலு பேருக்குப் பொதுவான கேமரா அது. தொலைநோக்கியின் பின்புறம் மாட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும், கண்ணுக்கே தெரியாத வான்முகில்களைப் படமெடுப்பதற்கென்று செய்யப்பட்டது. மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சென்சார் மைனஸ் பத்து டிகிரி வரை குளிரும். சென்சார் சூடாக இருந்தால் நீண்ட நேரம் எடுக்கும் படங்களில் மணலை இறைத்ததுபோலப் புள்ளிகள் விழும். குளிர்ந்தால் அவை அடங்கிவிடும்.

ஆளுக்கு ஒரு மாதம் என்று பேச்சு. மாரண்டஹள்ளியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் மாதேஷ்தான் எல்லோரையும் சேர்த்தவன். கம்பைநல்லூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் சவுரியப்பன் ஒருவர், தருமபுரி டவுனில் மருந்துக்கடைக்காரர் ஒருவர். கடைசியாக, போன மாதம்தான் பங்கு கொடுத்துச் சேர்ந்தவள் சுமலதா. பாப்பிரெட்டிப்பட்டி அருகே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனைக்கூட வேலை அவளுக்கு. இவ்வளவு நுணுக்கமான பொருளைப் பஸ்ஸில் கொண்டுபோய் வருவார்களா என்று மருந்துக்கடைக்காரர் தயங்கியதும், மாதேஷ் அவரைச் சமாதானப்படுத்தியதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

விடியற்காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேராகக் கம்பைநல்லூர் போனவள். சவுரியப்பனிடம் கேமராவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அரூர் தாண்டியதும் கண் சொருகிவிட்டது. ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டது. பை மடியிலிருந்து நழுவி, தகரத் தரையில் தொம்மென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். கேமரா பஞ்சுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தபோதும் வேலை செய்தது. கணவன் பூவரசனிடம்கூட விழுந்ததைச் சொல்லவில்லை.

அன்று இரவு ஏழரை மணிக்கே மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டாள். ஓரியனுக்குக் கிழக்கே, ரோஜாப்பூ மாதிரி ஒரு வான்முகில் உண்டு. பெயரும் ரோசெட் என்பதுதான். போன வருடம் சாதாரணக் கேமராவில் முயன்று, மங்கலாகச் சிவந்த ஒரு தழும்பு மட்டும் கிடைத்த பொருள். இந்தக் கேமராவில் ஐந்து நிமிடப் படம் ஒன்று இறங்கியதுமே இதழ்கள் தெரிந்தன. பூவரசனை மேலே கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டாவது படமும் நன்றாக இருந்தது. ஆறாவது படத்தில் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. பத்தாவதில் அது பூவின் பாதியை மறைத்துவிட்டது.

மெல்லிய மேகம் என்று நினைத்தாள். வானத்தில் மேகமே இல்லை. மறுநாளும் அதே கறை, அதே இடத்தில்.

கறைகளைப் போக்க வழி உண்டு. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, ஒரே சீரான வெளிச்சத்தைப் பார்த்துக் கொஞ்சம் படங்கள் எடுக்க வேண்டும். தூசி எங்கே இருக்கிறது, எந்த ஓரம் இருட்டு என்பதெல்லாம் அந்த வெள்ளைப் படத்தில் அப்படியே பதிந்துவிடும். வான்படத்தை அதனால் வகுத்தால் குறைகள் நீங்கும். மூடியைப் போட்டு எடுக்கும் கறுப்புப் படங்களும் உண்டு. அவை சென்சாரின் சொந்தப் புள்ளிகளைக் கழிக்க. சுமலதா இரண்டையும் முறைப்படி எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கறை போகவில்லை. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வேறு முளைத்தது. தூசியாக இருந்தால் போயிருக்க வேண்டும். அப்படியானால் சென்சாரே கெட்டுவிட்டது. பஸ்ஸில் விழுந்ததுதான் காரணம்.

ஒன்பது நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படம் எப்படி வருகிறது என்று மாதேஷ் வாட்ஸாப் குழுவில் கேட்டதற்கு, நிலையத்தில் ஆள் பற்றாக்குறை, மாடிக்கே போக முடியவில்லை என்று எழுதினாள். அதற்கு மருந்துக்கடைக்காரர் ஒரு கட்டைவிரல் போட்டார். அந்தக் கட்டைவிரலை இரண்டு நாள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சாம்பிளில் கொழுப்பு அளவை ஒருமுறை தப்பாக எழுதி, பிறகு அடித்துத் திருத்தினாள். சாப்பாடு இறங்கவில்லை.

பூவரசன் சொட்டுநீர்க் குழாய் மாட்டும் வேலை செய்கிறவன். அதிகம் துருவுகிற ஆள் இல்லை. பத்தாம் நாள் இரவு தட்டைக் கழுவிக்கொண்டே, மாடிக்கு ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குழாயை மூடிவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ஒடஞ்சிருந்தா ஒடஞ்சிதுன்னு சொல்லிரு சுமா. நீ தூக்கமில்லாம கெடக்கறதுக்கு அது பரவால்ல. நா கூட வர்றன், மாரண்டஹள்ளிக்கே நேர்ல போயி சொல்லிட்டு வந்துரலாம்” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. சும்மா போய் நிற்காமல், என்ன கெட்டிருக்கிறது என்று ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் கேமராவைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்க வைத்து, மேலே வெள்ளைத் துணியும் அதன்மேல் டேப்லெட்டின் வெளிச்சமும் வைத்தாள். குளிரூட்டியைப் போடப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கேமரா லேப்டாப்பிலிருந்தே ஓடும். குளிர்விக்கும் பகுதிக்கு மட்டும்தான் வீட்டு மின்சாரம் வேண்டும். சும்மா இருப்பானேன் என்று குளிரூட்டாமலே ஒரு வெள்ளைப் படம் எடுத்தாள்.

கறை இல்லை.

இன்னொன்று எடுத்தாள். இல்லை. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பன்னிரண்டு படம் எடுத்தாள். ஓரத்தில் வழக்கமான இரண்டு தூசிப் புள்ளிகளைத் தவிர எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. உடைந்த சென்சார் பகலில் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? கரண்ட் வரும் வரை மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. பூவரசன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பத்து டிகிரிக்குக் குளிர்வித்து ஒரு படம்: சுத்தம். ஐந்து டிகிரி: சுத்தம். பூஜ்யத்திலும் ஒன்றும் இல்லை. மைனஸ் ஐந்துக்குக் கொண்டுபோய் விட்டு, நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தாள். எட்டாவது படத்தில் நடுவில் ஒரு மூச்சு பட்ட மாதிரி ஏதோ தெரிந்தது. பதினைந்தாவதில் அது வளர்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். விளிம்பெல்லாம் பெரணி இலையின் நுனிபோலக் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது.

அது பனிக்கட்டி. கேமராவுக்குள் அடைபட்டிருந்த ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் போய் உறைந்திருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்துகொண்டே போவதால்தான் வெள்ளைப் படத்தில் ஒரு உருவமும் வான்படத்தில் வேறொரு உருவமுமாகி, கணக்கு உதைத்திருக்கிறது. குளிரூட்டியை நிறுத்திக் காத்திருந்தாள். கறை கரைந்து, சுருங்கி, இல்லாமல் போனது.

சுமலதா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பூவரசனுக்குப் புரியவில்லை.

“ஒடையலைங்க. உள்ள ஈரம் பூந்துருக்குது, அவ்ளோதான்” என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அப்படியானால் மாரண்டஹள்ளி போக வேண்டாமா என்று கேட்டான். அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. காலையில் ஆறவிட்ட இட்லிகளில் ஆறு சாப்பிட்டாள்.

ஈரத்தை என்ன செய்வதென்று அவள் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. நிலையத்தில் பால் பவுடர் சாம்பிள்களை உலர்வாக வைக்க ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. அதன் அடியில் நீல நிறத்தில் சிலிகா மணிகள் கிடக்கும். ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒருநாள் ரோஸ் நிறமாகிவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஏழு வருடமாக அந்த வேலையைச் செய்கிறவள் அவள்தான். கேமராவுக்குள்ளும் அப்படி ஏதோ ஒன்று இருந்து, அதுவும் குடித்து நிறைந்துபோயிருக்க வேண்டும். கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. பெட்டியோடு வந்த ஒரு குட்டிக் குழாய் அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தியது. இதுவரை யாரும் தொட்டிருக்காத அந்தக் குழாய் பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது.

முதலில் மாதேஷிடம்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் கேமராவைக் கொடுத்தவர் சவுரியப்பன். அவர் மாதத்தில் இப்படி ஏதாவது தெரிந்ததா என்று தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்குப் போன் செய்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள், பஸ்ஸில் விழுந்ததையும் விடாமல்.

“எனக்கும் வந்துச்சிம்மா,” என்றார் சவுரியப்பன் மெதுவாக. “மூணு நாளு பாத்தன். முன் கண்ணாடிய ஸ்டுடியோவுல லென்ஸ் தொடைக்கற தண்ணி போட்டு நாந்தான் தொடச்சன். அதுலதான் ஏதோ அரிச்சிருச்சின்னு நெனச்சிட்டன். முப்பது வருசமா கேமரா புடிக்கறவன், இத நா எப்பிடிம்மா வெளிய சொல்லுவன்? ஒன்னும் சொல்லாம ஒன் கையில குடுத்துட்டன்.”

அன்றைக்கு ஸ்டுடியோவில் அவர் ஒரு டீகூடச் சொல்லாமல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பி வைத்தது சுமலதாவுக்கு நினைவு வந்தது. கோபம் வரத்தான் செய்தது. ஒன்பது நாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாளும் இல்லை. அதைச் சொல்லவும் சொன்னாள்.

“நா படுத்து எந்திரிச்சதெல்லாம் அதே நெனப்புலதாம்மா. பழி ஒன் மேல வந்துருமேன்னும் இருந்துச்சி. இருந்தும் வாய் வல்ல” என்றார்.

ஆள் பற்றாக்குறை என்று குழுவில் தான் எழுதியது அவள் கண் முன்னால் வந்தது.

“நானுந்தாண்ணா மறைச்சன். விடுங்க. நாம ரெண்டு பேருமே எதையும் கெடுக்கல. அத மொதல்ல நெனச்சிக்கங்க” என்றாள்.

அவர் ஒரு நீளமான மூச்சு விட்டது போனிலேயே கேட்டது. மாதேஷிடம் தான் சொல்வதாகச் சொன்னார். இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லலாம் என்றாள் இவள்.

அன்று மாலையே மூன்று பேரும் ஒரே அழைப்பில் பேசினார்கள். மாதேஷ் முழுதும் கேட்டான். பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே உலர்த்த வேண்டும் என்று கேமராவோடு வந்த தாளில் போட்டிருந்ததாகவும், அந்தத் தாளைப் படித்த ஒரே ஆள் தான் என்றும், படித்துவிட்டு மறந்துபோனவனும் தான்தான் என்றும் சொன்னான். இரண்டு மழைக்காலம் தாண்டியாயிற்று. “தப்பு எம்மேலதாங்க்கா. குழுவுலயே எழுதிடறன்” என்றான். எழுதியும் விட்டான். மருந்துக்கடைக்காரர் கட்டைவிரல் எதுவும் போடாமல், அடுத்த மாதம் தன் முறை என்பதால் உலர்த்தும் விதத்தைத் தனக்கும் சொல்லித்தர முடியுமா என்று சுமலதாவிடம் கேட்டிருந்தார். அதை அவள் மூன்று முறை படித்தாள்.

திங்கள்கிழமை நிலையத்து மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு கைப்பிடி நீல மணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குட்டிக் குழாயில் நிரப்பி, திருகைக் கழற்றி, கேமராவில் மாட்டினாள். புதன்கிழமை காலை பார்த்தபோது குழாயின் கேமரா பக்கத்து மணிகள் பாதி ரோஸாகியிருந்தன. அவற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினாள். வெள்ளிக்கிழமை எல்லா மணிகளும் நீலமாகவே இருந்தன.

அன்று மாலை மைனஸ் பத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் விட்டாள். வெள்ளைப் படம் ஒன்று, அரை மணி கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் ஏதும் இல்லை. அதற்குப் பிறகுதான் மாடிக்குப் போனாள்.

சித்தேரி மலைப் பக்கமிருந்து காற்று குளிர்ச்சியாக வந்தது. ரோசெட் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஐந்து நிமிடப் படங்களாக இருபத்துநாலு எடுத்தாள். ஒவ்வொன்று இறங்கும்போதும் முதலில் நடுவைத்தான் பார்த்தாள். பன்னிரண்டாவதுக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, பூவரசன் கொண்டுவந்த காபியைக் குடித்தாள்.

சனிக்கிழமை விடுப்பு. கறுப்புப் படங்களைக் கழித்து, வெள்ளைப் படங்களால் வகுத்து, இருபத்துநாலையும் ஒன்றாக அடுக்கி முடிக்க மதியமாகிவிட்டது. இதழ்கள் சிவந்து திறந்திருந்தன. நடுவில் வான்முகில் விலகிய வெற்றிடத்தில் இளம் நட்சத்திரங்கள் ஊசி முனைகளாகத் தெரிந்தன. இதழ்களின் மேல் கரும்புழுதி இழைகள் மெல்லிய கோடுகளாக ஓடின. அவற்றைச் சாதாரணக் கேமராவில் அவள் கனவிலும் பார்த்ததில்லை.

குழுவில் போடுவதற்கு முன் சவுரியப்பனுக்குத்தான் முதலில் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். ஸ்டுடியோவின் பெரிய திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறதென்றும் சொன்னார். குரல் லேசாக இருந்தது. பெரிய தாளில் ஒரு பிரின்ட் போட்டு, அடுத்த ஞாயிறு தானே பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

“சாப்பாட்டுக்கு வந்துருங்கண்ணா” என்றாள் சுமலதா.