முதல் வரியில் ஒரு கோடு

விடியற்காலை நான்கரைக்கு எங்கள் சர்வர்கள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழும். மூன்றாவது மட்டும் எழாது. தன் டிஸ்க்கே தனக்குத் தெரியாமல் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும். தெரிந்த கோளாறுதான், சர்வர் பெட்டியையே மாற்றுங்கள் என்று விற்றவர்களே எழுதிவிட்டார்கள். எங்கள் முதலாளி தினகரன் மாற்றவில்லை.

ஒரு மாற்றுவழியை நாங்களே கண்டுபிடித்தோம். கரண்ட் வயர் இரண்டையும் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி சொருகினால் எழுந்துகொள்ளும். அதற்கு, சர்வர்களை அடுக்கிய ராக்கின் பின்னால் ஒருக்களித்து நுழைய வேண்டும். முகத்தில் அனல், காதில் விசிறிகளின் இரைச்சல், காலடியில் ஏசி ஒழுக்கிய தண்ணீர். சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் திறந்து பில் போடுவது இந்தக் கூத்தால்தான். எங்களுக்கு அதில் பெருமை வேறு! இரண்டு வருடம் அப்படியே ஓட்டினோம். நாங்கள் சமாளிக்கச் சமாளிக்க, அவருக்குப் பெட்டி மாற்றும் அவசியமே வரவில்லை.

கோளாறு நோட்டு எழுதுவது என் வேலை. அதில் மாற்றுவழி என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக ‘மெயின் ஸ்விட்சை அணைக்கவும்’ என்று எழுதியிருந்தேன். அணைத்தால் மற்ற சர்வர்களும் நின்றுவிடும் என்று தினகரன் குதித்தார்.

“அந்த வரிய அடிம்மா அம்சா.”

ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டேன். பாவி நான்.

போன செவ்வாய்க்கிழமை, எங்களோடு வேலை பார்த்த தேவசகாயம் அண்ணன் ராக்கின் பின்னால் நுழைந்தார். எப்போதும் சத்தமாகத்தான் எண்ணுவார். பதினொன்று வரை கேட்டது. பன்னிரண்டு வரவில்லை. உருகிக் கிடந்த ஜங்ஷன் பாக்ஸில் அவர் கை பட்டிருந்தது.

சொந்த ஊர் தாமலில் அவரைப் புதைத்த நான்காம் நாள், மணிவண்ணன், சுகாசினி, நான் என மிச்சமிருந்த மூவரையும் தினகரன் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு புது நோட்டு இருந்தது.

“நாளைக்கு லேபர் ஆபீசர் வர்றாரு. பழச அப்படியே இதுல எழுதிடும்மா. முதல் வரியில கோடு மட்டும் வேணாம்.”

“அப்போ அண்ணன் மேல தப்புன்னு ஆயிடும் சார்.”

“செத்தவருக்கு இனிமே என்ன ஆவப்போவுது?”

“லில்லி அண்ணி உசுரோட இருக்குது சார். ரெண்டு பொண்ணுங்க இருக்குது.”

விதியை மீறிச் செத்தவர் என்று காட்டி, அண்ணிக்கு நஷ்டஈடு கொடுக்காமல் இழுத்தடிப்பார். அதையும் என் கையெழுத்தாலேயே செய்யச் சொல்கிறார். பழைய நோட்டை இழுத்து, கோட்டுக்குக் கீழே எழுதினேன்: ‘இந்தக் கோட்டைப் போட்டது நான். போடச் சொன்னது முதலாளி.’ கையெழுத்தும் போட்டேன்.

மணிவண்ணன் பேனாவை வாங்கினான். “கோடு போட்ட அன்னிக்கு நானும் பக்கத்துலதான் இருந்தேன்.” அவன் போட்டதும் சுகாசினி போட்டாள். மூவரும் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டோம்.

“மூணு பேரையும் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுக்குவேன்!”

“போடுங்க சார்” என்றான் மணிவண்ணன். “வர்றவங்களுக்கும் இந்தப் பக்கத்தக் காட்டுவோம்.”

புது நோட்டை இழுத்து, மாற்றுவழி என்று தலைப்பிட்டு, ‘கிடையாது. பெட்டியை மாற்றவும்’ என்று எழுதினாள் சுகாசினி.

மறுநாள் நான்கரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் ராக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணியிலிருந்து பட்டுக்கடைக்காரர்களின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை போகும், தெரியும். ஆபீசர் யார் பக்கம் பேசுவார் என்பதுதான் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு லில்லி அண்ணி வந்தார். ராக்கின் பின்னாலிருந்த இடுக்கையே வெகுநேரம் பார்த்தார்.

“இன்னிக்கு யாருப்பா உள்ள போனது?”

“யாரும் போவல அண்ணி. இனிமே யாரும் போவ மாட்டோம்.”

சுகாசினி நகர்ந்து இடம் விட்டாள். அண்ணி எங்களோடு உட்கார்ந்தார்.