ரத்தினம் பூட்டாரு

திருமலைக்கு உயிரோடு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரைப்பை, ஈரல் புற்றுநோய்களுக்கு அறுவை செய்கிறவர் அவர். புற்று வந்த இரைப்பையை முழுக்க எடுத்துவிட்டு, சிறுகுடலை மடித்துப் பைபோல் தைத்து உணவுக்குழாயோடு இணைப்பது அவருடைய ஆராய்ச்சி. குன்றத்தூரிலிருந்து வந்து வார்டில் படுத்திருந்த கங்கம்மாளுக்கு அதைத்தான் செய்யவேண்டும். கட்டி இன்னும் பரவவில்லை. தள்ளிப்போட்டால் பரவிவிடும். படம் போட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் மசியவில்லை.

"வயித்த எடுத்துட்டு உசுரோட கீற ஆளு ஒருத்தர இட்டுகினு வா, நைனா. அப்பால கத்திய எடு."

கேட்டது நியாயம். ஆனால் அவரிடம் திரும்பி வந்தவர்கள் எல்லாம் நோய் முற்றியோ, சோறு இறங்காமலோ வந்தவர்கள். நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்கள் அதன் பிறகு தலைகாட்டவேயில்லை. பிழைத்தார்களா என்பதே தெரியாது. அவர்களில் கிட்டத்தில் இருந்தவர் வடக்குப்பட்டு ரத்தினம். மூன்று வருஷம் முன்பு அறுத்தது. 1991 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமலை தாம்பரத்தில் பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கி நடந்தார்.

ஊர் முனையில் ஒரு பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ரத்தினத்தை விசாரித்தார்.

"அவரு பூட்டாரு சார். காத்தாலயே பூட்டாரு," என்றாள், காலால் நெல்லைத் துழாவியபடி.

திருமலை திருநெல்வேலிக்காரர். நோய்க்காரன் ஒருவனைப் பற்றிப் போய்விட்டார் என்று அவரிடம் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எப்படி என்று கேட்டார்.

"சைக்கிள்லதான்."

விபத்து. அப்படியானால் புற்று திரும்பவில்லை. முதலில் வந்தது நிம்மதி. தைத்த தையல் தோற்கவில்லை. அந்த நிம்மதி அவருக்கே அசிங்கமாக இருந்தது. கங்கம்மாளின் நினைப்பு அதற்கும் பிறகுதான் வந்தது.

சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? ஒரகடம் கூட்டுரோட்டுக்குத் திரும்பி, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, வழி கேட்டு வீட்டுக்குப் போனார்.

வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. மீன் குழம்பு வாசனை வந்தது. ரத்தினத்தின் மனைவி ராஜம்மா கரண்டியோடு வெளியே வந்து டாக்டரையும் மாலையையும் மாறிமாறிப் பார்த்தாள். இப்படி நடக்கும் என்று நினைக்கவேயில்லை என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. தானும் நினைக்கவில்லை, இவ்வளவு பெரிய டாக்டர் மாலையும் கையுமாக வீடு தேடி வருவார் என்று யார் கண்டது என்றாள் அவள்.

முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

மணிமங்கலத்துக்குப் போய்ப் பம்புசெட்டுக்கு வாஷர் வாங்கிக்கொண்டு ரத்தினம் வந்து இறங்கினார். வேர்வையோடு, முழுசாக. இந்தப் பக்கத்தில் பூட்டாரு என்றால் வெறுமனே கிளம்பிப் போய்விட்டார், அவ்வளவுதான் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கா டாக்டரே?" என்று ரத்தினம் கழுத்தை நீட்டினார். திருமலை மாலையைப் போட்டுவிட்டார். வேறு என்ன செய்வது?

இத்தனை நாளாக ஏன் ஒரு செக்கப்புக்கும் வரவில்லை என்று கடிந்துகொண்டார்.

"நல்லாக்கீறவன் ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்கு வரணும்?"

இவரைப் போல இன்னும் எத்தனை பேர் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று திருமலை நினைத்தார். சிரிப்பு வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள் ராஜம்மா. சாப்பிட்டார்.

மறுநாள் ரத்தினம் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தார். கங்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். ரத்தினத்தைச் சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விசாரணை ஆரம்பமானது. கொஞ்சம் கொஞ்சமாக ஏழெட்டு வேளை தின்பதாகச் சொன்னார் அவர்.

"வயிறே இல்லாம இட்லி எங்கய்யா போவுது?"

"அத்த அவரத்தான் கேக்கணும். எனக்குப் பசிக்குது, துன்றேன்."

"மீனு?"

"முள்ளுதான் துன்றதில்ல."

கங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூக்குத்தியின் திருகை நெருடினாள். ஆபரேசனுக்கு நகை எதுவும் கூடாது என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். திருகு அசையவில்லை.

"இன்னா நைனா பாத்துகினே நிக்கிற? இது கயல மாட்டேங்குது. கொஞ்சம் எண்ணெ கொண்டாரச் சொல்லு," என்றாள்.