ஐபோனா ஆண்ட்ராய்டா: ஒரு விவசாயப் பிரச்சினை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஐபோன் நல்லதா ஆண்ட்ராய்டு நல்லதா என்று சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டுமென்று பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டார். நானும் விரல்களைச் சொடுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

‘செயலிகளைப் பொறுத்தவரை இரண்டுமே’

அந்த வாக்கியம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதற்குள் ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள்.

2

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கேமரா, பேட்டரி, பாதுகாப்பு, விளையாட்டு என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டவன், ஒருநாள் சாயங்காலம் அவளுடைய ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஒரு ஐபோனோடு வந்து நின்றான்.

(முதல் வரைவில் இவனை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. குமிழ் விழாமல் திரைக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டு, மனைவி எப்போது சிரிப்பாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனை என்னதான் செய்வது?)

“என் பழைய போன் எங்கங்க?”

“கடையில மாத்தி வாங்கினேன்ல, குடுத்துட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். போட்டோ, நம்பர், எல்லாம் இதுல வந்துடுச்சு. கவலையே படாத.”

“என் தோட்டம்?”

“எந்தத் தோட்டம்?”

3

தோட்டம் என்பது ஒரு விளையாட்டு. (நான் உருவாக்கியது. உங்கள் போனில் தேடாதீர்கள்.) அதில் தக்காளி போடலாம், பூசணி போடலாம். ஆனால் உங்கள் செடிக்கு நீங்களே தண்ணீர் ஊற்ற முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர்தான் வந்து ஊற்ற வேண்டும். இவளுக்குப் பக்கத்துத் தோட்டம் அண்ணியுடையது. அண்ணி, அதாவது கணவனின் அக்கா, அழகுநிலையம் வைத்திருப்பவர்.

ஒருமுறை அண்ணி இவளுக்கு முடி வெட்டிவிட்டார். தோள்வரை என்று கேட்டது காதோடு நின்றுவிட்டது. “காசு குடுத்திருந்தா பார்த்து வெட்டியிருப்பீங்க, அண்ணி” என்று இவள் வாயை விட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. முடி மறுபடி தோளுக்கு வந்துவிட்டது, பேச்சு வரவில்லை.

ஆனாலும் காலையில் அண்ணியின் பூசணிக்கு இவள் தண்ணீர் ஊற்றிவிடுவாள். சாயங்காலத்துக்குள் இவளுடைய தக்காளி நனைந்திருக்கும். இது வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஈரத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

[கட்டுரைக்கு என்று வைத்திருந்த வரி: இந்த விளையாட்டில் ஆண்ட்ராய்டுத் தோட்டமும் ஐபோன் தோட்டமும் தனித்தனி. இங்கிருந்து ஊற்றினால் அங்கே போகாது.]

4

விஷயம் தெரிந்ததும் கணவன் தொப்பென்று உட்கார்ந்தான்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே!”

“பேசல. தண்ணி ஊத்திக்கிறோம்.”

“நான் வேணா அக்காகிட்ட சொல்லிடறேனே?”

“நீங்க சொன்னா நீங்க சொன்னதாத்தான் ஆகும். நாளைக்குப் பூசணி வாடிடும். கோவத்துல நிறுத்திட்டேன்னு நினைச்சுக்குவாங்க.”

அவன் பார்த்த வீடியோ எதிலும் இதற்குப் பதில் இல்லை. பாவம், திரும்ப ஒருமுறை தேடிக்கூடப் பார்த்தான்.

5

முடிவு ஒன்று: அதே நாளில் அண்ணியும் ஐபோன் வாங்கிவிடுகிறார். (எழுதிய எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடித்துவிடுகிறேன்.)

முடிவு இரண்டு: வாடிய பூசணியைப் பார்த்துப் பதறிய அண்ணி, கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் வந்து (இவள் பின்பக்கமாக ஓடிவிடுவாள். வேண்டாம்.)

முடிவு மூன்று: அவள்

6

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். அவள் புதுப் போனை எடுத்து எழுதினாள்: ‘அண்ணி, போன் மாறிடுச்சு. தோட்டம் போயிடுச்சு. கோவத்துல நிறுத்தல.’

கடைசி இரண்டு சொல்லை அழித்தாள். அவை இல்லாமல் படித்தால் போன் கடைக்குப் புகார் எழுதியது போல் இருந்தது. மறுபடி எழுதினாள். இப்போது அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நிற்கிறது.

அழுத்தினாள் என்று எழுத எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் நீங்கள் இதைப் போனில்தானே படிக்கிறீர்கள்? எந்தப் போன் என்று கேட்கமாட்டேன். உங்களுக்கும் பேச்சு நின்றுபோன ஒருவர் இருப்பார், அவருடைய எண்ணும் அதிலேயேதான் இருக்கும். முதலில் அவருக்கு எழுதிவிட்டு வாருங்கள். இவள் காத்திருப்பாள், பூசணி சாயங்காலம்வரை தாங்கும்.